சுவரின் நிழல் பத்து என்றால்

ஜூன் 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். நீயும் அம்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எழுந்ததும் வருகிற முதல் நினைப்பு.

மாதத்துக்கு ஒன்று வீதம் ஏழு வருஷம் கடிதம் எழுதியிருக்கிறேன். எத்தனை என்று நீயே பெருக்கிக்கொள். ஒன்றுக்கும் நீ பதில் போட்டதில்லை, அம்மாவோடு ஒரு தடவைகூட என்னைப் பார்க்க வந்ததில்லை. குறை சொல்ல வரவில்லை. ஜெயிலில் இருக்கிற அப்பனுக்குக் குறை சொல்லும் உரிமை கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதம் வேறு மாதிரி. எனக்கு ஒரு சந்தேகம், உன்னை விட்டால் கேட்க ஆள் இல்லை.

விஷயம் இதுதான். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிறேன். சிரிக்காதே. எட்டாவதோடு புத்தகத்தை மூடிவிட்டு லாரி ஸ்டியரிங்கைப் பிடித்தவன், நாற்பத்து நாலு வயதில் மறுபடி திறந்திருக்கிறேன். நீயும் இந்த வருஷம் பத்தாவது என்று அம்மா சொன்னாள். ஆக, அப்பாவும் மகளும் ஒரே வகுப்பு.

வெள்ளிக்கிழமைகளில் வெளியிலிருந்து ஒரு கணக்கு டீச்சர் வருகிறார். போன வாரம் விகித சமம் ஆரம்பித்தார். நாலில் மூன்று தெரிந்தால் போதும், நாலாவது தானாகத் தெரிந்துவிடும் என்றார். “தொடாமலேயே தெரிஞ்சுடுமா டீச்சர்?” என்று கேட்டேன். “நிழலை அளந்தா போதும், எவ்வளவு பெரிய மரமா இருந்தாலும் உயரத்தைச் சொல்லிடலாம்” என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு பாப்பா. பதினெட்டு வருஷம் ஒவ்வொரு பாலத்துக்கு அடியிலும் ‘லோடு இடிக்குமா இடிக்காதா’ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தவன் நான். நிழலைப் பார்த்திருந்தால் போதுமாம்.

எனக்கு இங்கே தோட்ட வேலை. பாத்திகளெல்லாம் தெருப்பக்கச் சுவரை ஒட்டி இருக்கின்றன. காலையில் சுவரின் நிழல் பாத்தி மேல் விழும். மத்தியானத்துக்கு மேல் அது தெருவுக்குப் போய்விடும், நாங்கள் பார்க்க முடியாது. வகுப்பு ஸ்கேலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அளந்தேன். என் உயரம் 170 சென்டிமீட்டர், இங்கே பதிவேட்டில் இருக்கிறது. காலை பத்து மணிக்கு என் நிழல் 102. என்னைவிட 68 குட்டை. சுவரின் நிழல் ████. அதோடு 68-ஐக் கூட்டினேன். சுவரின் உயரம் ████ வந்தது. மறுநாள் எட்டு மணிக்கே அளந்தேன். என் நிழல் 255, என்னைவிட 85 நெட்டை. சுவரின் நிழல் ████. அதில் 85-ஐக் கழித்தேன். ████ வந்தது.

இரண்டு விடைக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு ஆள் உயரம் வித்தியாசம். அதே சுவர், அதே ஆள், அதே ஸ்கேல். சுவர் எட்டு மணிக்கு நின்றுகொண்டு பத்து மணிக்கு உட்காருமா? என் தப்பு எங்கே என்று சொல்வாயா?

பாசமுள்ள,
அப்பா

பி.கு.: கடிதங்களைப் படித்து அனுப்பும் ஐயா அவர்களுக்கு வணக்கம். இது வீட்டுப்பாடம்தான் ஐயா.


ஜூலை 5

அப்பாவுக்கு,

கணக்கு என்பதால் எழுதுகிறேன். கணக்கு மட்டும் எழுதுவதாக இருந்தால் நீங்களும் எழுதலாம். மற்றது எதுவும் வேண்டாம். ‘பாப்பா’ என்றும் எழுத வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் சுவரின் அளவு வருகிற நாலு இடத்திலும் கறுப்பு மை பூசியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. பரவாயில்லை. தப்பு எங்கே என்று சொல்ல அந்த எண்கள் தேவையில்லை.

நீங்கள் கூட்டுகிறீர்கள், கழிக்கிறீர்கள். அங்கேதான் தப்பு. உங்கள் முறைப்படி பத்து மணிக்கு எல்லா நிழலும் 68 சென்டிமீட்டர் குட்டையாக இருக்க வேண்டும். அப்படியானால் அந்தப் பாத்தியில் போகிற எறும்பின் நிழல் எவ்வளவு? எறும்புக்கு மொத்தமாகவே அவ்வளவு உயரம் இல்லையே. எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று பார்க்கக் கூடாது. எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும்.

170 : 102 என்பதை 34-ஆல் சுருக்குங்கள். 5 : 3. பத்து மணிக்கு உங்கள் உயரம் ஐந்து பங்கு என்றால் நிழல் மூன்று பங்கு. சுவருக்கும் அதே 5 : 3. எறும்புக்கும் அதே 5 : 3. ஆகவே சுவரின் உயரத்தை x என்று வைத்துக்கொண்டு,

x : சுவரின் நிழல் = 5 : 3

என்று எழுதிக் குறுக்கே பெருக்க வேண்டும். எட்டு மணிக்கு 170 : 255, அதாவது 2 : 3. அதையும் போட்டுப் பாருங்கள். இரண்டு விடையும் ஒன்றாக வந்தால் சுவர் உட்காரவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. உங்கள் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதே பக்கமாகத்தான் சுவரின் நிழலையும் அளக்க வேண்டும். சுவருக்கு நேர் எதிராக அளந்தால் கணக்கு ஏமாற்றிவிடும். சுவருக்கு மேலே முள்கம்பி ஏதாவது இருந்தால் அதன் நிழலைச் சேர்க்கக் கூடாது.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு


ஜூலை 21

அன்புள்ள ‘ஆ’ பிரிவுக்கு,

ஒன்றாக வந்துவிட்டது!

நீ சொன்ன பக்கமாகத் திரும்பவும் அளந்து, எட்டு மணிக்குப் போட்டேன், பத்து மணிக்குப் போட்டேன். போதாதென்று ஒன்பதே காலுக்கும் போட்டேன். மூன்று தடவையும் ஒரே எண். ████. நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நிழல் நீளுகிறது, சுருங்குகிறது, ஒரு நிமிஷம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அதற்குள்ளே ஒன்று மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாள் அதை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

இன்னொன்றும் தோன்றியது. கைதிக்கு ஒரு விகிதம், சுவருக்கு ஒரு விகிதம், சுவர் மேலே துப்பாக்கியோடு நிற்கிற காவலருக்கு ஒரு விகிதம் என்று சூரியன் பார்ப்பதில்லை. பத்து மணிக்கு எல்லாருக்கும் ஐந்துக்கு மூன்றுதான். இது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எழுதினால் கணக்கைத் தாண்டிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

இந்தச் சுவர் வானம் வரைக்கும் போகிறது என்றுதான் ஏழு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தேன். போகவில்லை. அதற்கும் ஒரு எண் இருக்கிறது.

ஆனால் அந்த எண்ணால் ஒரு கூத்து நடந்தது. வாராந்திரச் சோதனையில் என் கணக்கு நோட்டு சிக்கிவிட்டது. சுவர் படம், அதன் உயரம், பக்கத்தில் மூன்று நாள் நேரக்குறிப்பு. நேராகக் கண்காணிப்பாளர் ஐயாவின் மேஜைக்குப் போய்விட்டது. என்னை நிற்க வைத்து, “என்னய்யா இது, தப்பிச்சுப் போகத் திட்டமா?” என்றார்.

“இல்லீங்க ஐயா, பாஸ் பண்ணத் திட்டம்.”

“சுவரோட உயரம் உனக்கு எதுக்கு?”

“சுவரைத் தவிர அளக்கறதுக்கு இங்க வேற எதுவுமே உயரமா இல்லீங்களே ஐயா.”

அவர் சிரிக்கவில்லை. கடிதம் படிக்கும் ஐயாவைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர், “நானும் போட்டுப் பார்த்தேன் சார், கணக்கு சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டார். அவருக்கு ஆயுசு நூறு. நோட்டு திரும்பி வந்தது, அந்த ஒரு பக்கம் மட்டும் கிழிக்கப்பட்டு. இனிமேல் சுவரின் அளவைக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. மனசில் இருப்பதை யாரும் கிழிக்க முடியாது அல்லவா?

அடுத்த பாடம் எதிர் விகிதம். ஒன்று கூடினால் மற்றது குறையும் என்று டீச்சர் சொன்னார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குப் பத்து வருஷம். கழிந்தது ஏழு, மிச்சம் மூன்று. கழியக் கழிய மிச்சம் குறைகிறது. இது எதிர் விகிதம்தானே?

அப்பா

பி.கு.: அம்மா போன மாதம் வந்தாள். மணி அடிப்பதற்கு முன்பே எழுந்துவிடுகிறாள், வெளியே யாரோ காத்திருக்கிற மாதிரி. கால் மணி நேரம் உட்காரச் சொல். இதுவும் கணக்குதான், நேரக் கணக்கு.


ஆகஸ்ட் 9

அப்பாவுக்கு,

இல்லை. அது எதிர் விகிதம் இல்லை.

எதிர் விகிதம் என்றால் ஒன்று இரண்டு மடங்கு ஆகும்போது மற்றது சரிபாதி ஆக வேண்டும். இரண்டையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நாலு மணி நேரம் என்றால், நூற்றிருபதில் இரண்டு மணி நேரம். பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 240. உங்கள் வருஷங்கள் அப்படி இல்லை. முதல் வருஷம் முடிந்தபோது மிச்சம் ஒன்பது. இரண்டாவது முடிந்தபோது மிச்சம் நாலரை ஆகிவிடவில்லையே, எட்டாகத்தானே இருந்தது? அங்கே மாறாமல் இருப்பது கூட்டல். ஏழும் மூன்றும் பத்து. நீங்கள் கூட்ட வேண்டிய இடத்தில் பெருக்குகிறீர்கள், பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டுகிறீர்கள்.

கணக்கு மட்டும் என்று நான்தான் சொன்னேன். இப்போது நானே மீறுகிறேன்.

பள்ளியில் எல்லாரிடமும் நீங்கள் வெளியூர் லாரி ஓட்டுகிறீர்கள், வருவதற்கு நேரம் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏழு வருஷமாக எந்த அப்பாவாவது வீட்டுக்கு வராமல் லாரி ஓட்டுவாரா? என் பக்கத்து இருக்கைத் தோழிக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்தும் கேட்பதில்லை. கேட்டாலாவது நன்றாக இருக்கும்.

அம்மா எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சரக்கு ஏற்றும் இடத்தில் யார் லாரி முதலில் போவது என்று சண்டை, நீங்கள் தள்ளினீர்கள், அவர் இரும்புப் படியில் விழுந்தார். ஒரே ஒரு தள்ளு. அவர் வீட்டிலும் என் வயதில் ஒரு பெண் இருக்கிறாளாம். உங்கள் கடிதம் வரும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம் வருகிறது. அவளுக்கு எந்த அப்பாவும் கடிதம் எழுதுவதில்லை. அதனால்தான் நான் பதில் எழுதவில்லை. கோபம் மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

மகள்


செப்டம்பர் 2

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். மகள் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதை மட்டும் தனியாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நீ சொன்னது எல்லாம் சரி. அன்றைக்கு நான் இரண்டு நிமிஷம் பொறுத்திருந்தால் போதும். வரிசையில் எனக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி. இரண்டு நிமிஷத்துக்குப் பத்து வருஷம் என்று எனக்காக நான் அழுததுண்டு. அது வேண்டாத அழுகை. அந்தப் பெண்ணுக்கு என்ன கணக்கு? அங்கே நாலில் மூன்று தெரிந்தாலும் நாலாவது வராது. நான் எதைக் கொண்டுபோய் எதிர்ப்பக்கத்தில் வைத்தாலும் சமம் ஆகாது. இதை நான் நீதிபதியிடம் சொன்னதில்லை, அம்மாவிடம் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன். அவளை நினைத்து நீ எனக்கு எழுதாமல் இருந்தாய் என்பது தெரிந்ததும், என் மகள் என்னைவிடப் பெரிய ஆள் என்று புரிந்துவிட்டது.

இனி நீ பதில் போடாவிட்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன். கணக்குச் சந்தேகங்களை டீச்சரிடமே கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னைக் கூட்டிப் போன அன்றைக்கு நீ என் சட்டையின் நாலாவது பொத்தான் வரை இருந்தாய். இன்றைக்கும் உன்னை நினைத்தால் கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போகிறது. நீ இப்போது எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டால், “வளர்ந்துட்டா, வளர்ந்துட்டா” என்கிறாள். அது ஒரு அளவா?

அப்பா


நவம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

ரொம்ப நாள் பதில் போடவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது.

முதலில் ஒரு உண்மை. அம்மாவை அவசரப்படுத்துவது நான்தான். இரண்டு வருஷமாக அம்மா உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் நானும் வருகிறேன். வாசல் வரை வந்து நின்றுவிடுவேன். எதிரே ஒரு சைக்கிள் கடை இருக்கிறது, அங்கே உட்கார்ந்துகொள்வேன். கடைக்காரர் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை, ஸ்டூலை மட்டும் நகர்த்திப் போடுவார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தேன். மூன்று மணிக்குச் சுவரின் நிழல் தெருவில் விழுந்திருந்தது. நீங்கள் பார்க்க முடியாது என்று எழுதினீர்களே, அந்த நிழல். அதைத்தான் இரண்டு வருஷமாக வெயிலுக்கு ஒதுங்கும் இடம் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து அதன் விளிம்பைத் தாண்டி வெயிலில் நின்றேன். என் நிழலும் விழுந்தது. எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை அப்பா. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான், இரண்டு பக்கமும் ஒரே உயரம். காலையில் நீங்கள் அளந்த சுவர்தான் மத்தியானம் என் காலடியில் படுத்திருந்தது.

பையிலிருந்து ஸ்கேலை எடுத்துத் தெருவில் மண்டி போட்டு அளந்தேன். என் நிழலின் நுனியைக் கடைக்காரர் சாக்பீஸால் கோடு போட்டுப் பிடித்துக்கொண்டார். முள்கம்பியின் நிழலைச் சேர்க்கவில்லை. இரண்டு நிழலையும் ஒரே பக்கமாகத்தான் அளந்தேன். தெருவும் உங்கள் தோட்டமும் ஒரே மட்டம்தானா என்று காவலரிடம் அம்மாவைக் கேட்கச் சொன்னேன். மட்டம்தானாம்.

அளவு எதையும் எழுதப் போவதில்லை. படிக்கும் ஐயா மையை வீணாக்க வேண்டாம். சுருக்கி மட்டும் தருகிறேன்.

சுவரின் நிழல் பத்து என்றால், என் நிழல் மூன்று.

சுவரின் உயரம் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். என் உயரம் உங்களுக்குத் தெரியாது. இப்போது உங்களிடம் மூன்று இருக்கிறது. நாலாவதைக் கண்டுபிடியுங்கள்.

மகள்


டிசம்பர் 3

என் கண்ணுக்கு,

சுவர் : நீ = 10 : 3

████ : x = 10 : 3

10 × x = 3 × ████

x = 162.

படிக்கும் ஐயா அவர்களே, உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், கடைசி எண்ணை மட்டும் விட்டுவிடுங்கள். அது சுவரின் அளவு இல்லை, என் மகளின் அளவு.

நூற்று அறுபத்திரண்டு. தோட்டத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டே, மண்ணில் குச்சியால் போட்டேன். விடை வந்ததும் குச்சி கையிலிருந்து விழுந்துவிட்டது. பக்கத்துப் பாத்திக்காரர் ஓடி வந்து, “என்னண்ணே, நெஞ்சு வலியா?” என்றார். “இல்லப்பா, என் பொண்ணு நூத்தி அறுபத்திரண்டு” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவரும் அழுதார்.

ஸ்கேலை வைத்து அறைச் சுவரில் 162-ல் ஒரு கோடு போட்டேன். அதன் எதிரே போய் நின்றேன். கோடு என் புருவத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. நாலாவது பொத்தானிலிருந்து புருவம் வரை! இந்த ஏழு வருஷமும் என் சட்டை மேலேயே நீ வளர்ந்து வந்திருக்கிறாய், நான்தான் பார்க்கவில்லை. எந்தச் சுவர் உன்னை மறைத்ததோ, அதே சுவரே உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கணக்கு என்றால் இவ்வளவு பெரியது என்று எனக்கு யாரும் சின்ன வயதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க மாட்டேன்.

தினமும் காலையில் அந்தக் கோட்டுக்கு எதிரே நின்று வணக்கம் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறேன். காவலர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

விடை சரியா என்று எழுது. சரிபார்க்க எனக்கு இன்னொரு வழியும் தெரியும். ஆனால் அதைக் கேட்டால் கணக்கு மட்டும் என்ற ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். அதனால் கேட்கவில்லை.

அப்பா


டிசம்பர் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

படிக்கும் ஐயா 162-ஐ விட்டுவிட்டார். பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு ‘சரி’ குறியும் போட்டிருக்கிறார். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் வழிமுறைக்கு முழு மதிப்பெண். ஆனால் கேள்வியிலேயே ஒரு பிழை, அது என் பிழை. அன்றைக்கு நான் செருப்புப் போட்டிருந்தேன். நேற்றுதான் ஞாபகம் வந்தது. செருப்பின் உயரத்தையும் சேர்த்து அளந்திருக்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உள்ளே வருகிறேன். சைக்கிள் கடைக்காரரிடம் ஸ்டூல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். நீங்கள் அந்தப் பக்கம் நேராக நில்லுங்கள், குனியக் கூடாது. புருவம் வரையா, கண் வரையா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பாப்பா